தொகுயாமா: தண்ணி வர்றதுக்கு முன்னாடியே காலியான ஒரு ஜப்பான் மலை கிராமம்

மலைவாசம்

கிஃபு மாகாணத்தோட மேற்கு ஓரத்துல, ஃபுகுயி எல்லையை ஒட்டி, இபி ஆறு பொறக்கிற மலைக்குள்ள தொகுயாமான்னு ஒரு ஊர் இருந்துச்சு. இப்ப மேப்புல போட்டா தொகுயாமா ஏரின்னுதான் காட்டும். நான் நகோயாவுல வேலை பாக்குறதால இந்தப் பேர் அடிக்கடி காதுல விழும். எல்லாரும் "அணை கட்டினாங்க, ஊர் முங்கிருச்சு"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க, அது எனக்கு மனசுக்கு ஒப்பவே மாட்டேங்குது.

வருஷத்தை மட்டும் வரிசையா பாருங்க. அணைக்கான ஆய்வுப் பகுதின்னு அரசாங்கம் அறிவிச்சது 1957. திட்டத்துக்கு முறைப்படி அனுமதி வந்தது 1976. தொகுயாமாங்கிற ஊராட்சி சட்டப்படி கலைக்கப்பட்டு பக்கத்து ஃபுஜிஹாஷியோட சேந்தது 1987 ஏப்ரல் 1. மொத்தம் 466 குடும்பமும் இடம்பெயரும் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு முடிச்சது 1989. அணையோட முக்கிய கட்டுமானம் ஆரம்பிச்சது 2000. தண்ணி தேக்க ஆரம்பிச்சது 2006 செப்டம்பர். முழுசா செயல்பாட்டுக்கு வந்தது 2008. அதாவது முதல் அறிவிப்புக்கும் முதல் சொட்டு தண்ணிக்கும் நடுவுல 49 வருஷம், கிராமம் கலைஞ்சதுக்கும் தண்ணிக்கும் நடுவுலயே 19 வருஷம். 1957ல பொறந்த கொழந்தை அந்த ஊர்லயே படிச்சு வளந்து கல்யாணம் பண்ணி பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போற வரைக்கும் "நம்ம ஊர் முங்கப் போகுது"ங்கிற பேச்சுலயே வாழ்ந்திருக்கும். எனக்குத் தெரிஞ்சு அந்த ஊரை முடிச்சது இந்தக் காத்திருப்புதான். இதைப் பத்தி பேசலாம்னுதான் இழை ஆரம்பிக்கிறேன்.

ஊரைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். 1889ல எட்டு குடியிருப்புகளைச் சேத்து ஒரே ஊராட்சியா ஆக்கினாங்க. ஹோங்கோதான் நடு ஊர், ஆபீஸ் கடை எல்லாம் அங்க. உள்ள போகப் போக தோன்யூ, அதுக்கும் உள்ள கதோன்யூ. சுமாரா 1500 பேர். குளிர்காலத்துல ஆள் உயரத்துக்கு மேல பனி கொட்டுற எடம். நெல்லு வயல் கம்மி, மலைச்சரிவுல காட்டை எரிச்சு தினை மாதிரி சிறுதானியம் போடுவாங்க, பட்டுப்புழு வளப்பாங்க, கரி சுடுவாங்க. ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததுக்கும் பேச்சோட ஏத்த இறக்கமே மாறுமாம், அதுக்காகவே மொழி ஆராய்ச்சி பண்றவங்க தேடித்தேடி வந்திருக்காங்க. அணை வேலைக்காக தோண்டினப்ப வரலாற்றுக்கு முந்தின ஜோமோன் காலத்து குடியிருப்புகளும் பானைகளும் வந்துச்சு, அதாவது ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே மனுஷன் வாழ்ந்த பள்ளத்தாக்கு.

கரிசல்காடு

நல்ல இழை அண்ணே. ஆனா ஒரு கேள்வி இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. ஜப்பான்ல மலை கிராமம் எல்லாமே 1960க்கு அப்புறம் காலியாகிட்டுதானே இருக்கு? அணையே வரலன்னாலும் தொகுயாமா இன்னைக்கு நாலு கெழவங்க இருக்கிற ஊரா ஆகியிருக்கும். பசங்க எல்லாம் நகோயா ஒசாகான்னு ஃபேக்டரி வேலைக்குப் போயிருப்பாங்க. அப்ப அணையை மட்டும் குத்தம் சொல்றது எந்த அளவுக்கு சரி?

மலைவாசம்

@கரிசல்காடு தம்பி, இந்த வாதத்தை ஜப்பான்லயும் எல்லாரும் சொல்றாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

மலை ஊரெல்லாம் தேஞ்சது உண்மை. கரிக்கு பதிலா மண்ணெண்ணெயும் கேஸும் வந்ததும் கரி சுடுற தொழில் படுத்துச்சு, வெளிநாட்டு மரம் வந்ததும் மர வெலை விழுந்துச்சு, 1963 ஜனவரில ஹொகுரிகு பக்கம் ஒரு பெரும்பனி விழுந்து பல மலை குடியிருப்புங்க மாசக்கணக்குல துண்டிச்சுப் போச்சு, அந்தப் பனிக்கு அப்புறம் ஊரையே விட்டு எறங்கினவங்க நிறைய. இதெல்லாம் தொகுயாமாவையும் தொட்டுதான் இருக்கும், நான் மறுக்கல.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஒரு ஊரை "முங்கப் போற ஊர்"னு 1957ல எழுதி வச்சாச்சு. அதுக்கப்புறம் எந்த வீட்டுக்காரன் கடன் வாங்கி வீட்டைப் பெரிசாக் கட்டுவான்? எந்தப் பையன் ஊர்லயே தொழில் தொடங்குறேன்னு நிப்பான்? எந்த அதிகாரி அந்த ஊருக்கு நல்ல ரோடு போட காசு ஒதுக்குவான்? மத்த மலை ஊருங்களுக்கு தேஞ்சாலும் ஒரு வாய்ப்பு இருந்துச்சு. ஷிராகவா இதே கிஃபு மாகாணம்தான், அங்கயும் பனி, அங்கயும் பட்டுப்புழு, அங்கயும் ஆளுங்க எறங்கிப் போனாங்க, பக்கத்துல அணையும் வந்துச்சு. ஆனா அங்க ஓகிமாச்சிங்கிற குடியிருப்பு ஆளுங்க 1971லயே கூரை வீடுகளை விக்கிறதில்ல, வாடகைக்கு விடுறதில்ல, இடிக்கிறதில்லன்னு தங்களுக்குள்ளயே முடிவு பண்ணினாங்க, 1995ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. எல்லா ஊரும் ஷிராகவா ஆகியிருக்கும்னு சொல்ல வரல. இப்படி ஒரு முடிவை எடுக்கிற உரிமையே தொகுயாமாவுக்கு இல்லாம போச்சு, அதைத்தான் சொல்றேன். தன் ஊரைப் பத்தி ஊர்க்காரன் முடிவெடுக்க முடியாம 30 வருஷம் உக்காந்திருந்தா, அப்புறம் "எப்படியும் காலியாகியிருக்கும்"னு சொல்றது ரொம்ப சுலபம்.

ஈரோடு_செந்தில்

நான் நீர்வள வேலைல இருக்கிறவன், அதனால எதிர்ப்பக்கமும் சொல்லணும்னு தோணுது.

நம்ம ஆளுங்களுக்கு டிஎம்சில சொன்னாதான் புரியும். தொகுயாமா அணையோட மொத்தக் கொள்ளளவு 66 கோடி கன மீட்டர், கிட்டத்தட்ட 23 டிஎம்சி. ஜப்பான்லயே பெரிய கொள்ளளவு இதுதான், அதுக்கு முன்னாடி ஒகுதாதாமி பெரிசா இருந்துச்சு. பாறையும் களிமண்ணும் கொட்டிக் கட்டின அணை, உயரம் 161 மீட்டர். ஜப்பான் ஆறெல்லாம் குட்டை, சரிவு அதிகம், மழை பேஞ்சா சில மணி நேரத்துல கடலுக்குப் போயிடும், அந்த நாட்டுல இவ்வளவு தண்ணியை ஒரே எடத்துல நிறுத்துறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க.

கீழ யார் இருக்காங்கன்னும் பாக்கணும். இபி, நகரா, கிசோன்னு மூணு ஆறும் நோபி சமவெளில பக்கத்துல பக்கத்துல ஓடுது, ஊருங்க எல்லாம் ஆத்து மட்டத்தை விடத் தாழ்வா, சுத்திக் கரை கட்டிக்கிட்டு வாழுற ஊருங்க. 1959ல இசே வளைகுடா புயல்ல செத்தவங்க, காணாம போனவங்க சேத்து 5000 பேருக்கு மேல, அது பெரும்பாலும் கடல் பொங்கினது, சரி. ஆனா 1976 செப்டம்பர்ல நகரா ஆத்துக் கரை அன்பாச்சில ஒடைஞ்சப்ப பாத்தவங்க வெள்ளத்தை சாதாரணமா நெனைக்க மாட்டாங்க. இபி ஆத்துக்கு 1964லயே கீழ யோகோயாமா அணை வந்தாச்சு, ஆனா அது சின்னது, பத்தல. 1994 வறட்சில நகோயா இருக்கிற ஐச்சி மாகாணத்துல பல ஊர்ல நாள்ல பெரும்பாலான நேரம் குழாய்ல தண்ணி வரல. இதையெல்லாம் வச்சுப் பாத்தா 1500 பேரை நல்ல நஷ்டஈடு குடுத்து இடம் மாத்தி லட்சக்கணக்கான பேரைக் காப்பாத்துறது தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஊரை இழந்தவங்க வலியை நான் மதிக்கிறேன், அதே நேரம் கணக்கையும் வைக்கணும்.

மலைவாசம்

@ஈரோடு_செந்தில் சார், வெள்ளத்தைப் பத்தி நீங்க சொன்னதுல எனக்கு சண்டையே இல்ல. கீழ சமவெளில ஓகாக்கி பக்கம் இருக்கிறவங்ககிட்ட போய் அணை வேணாம்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்தக் கணக்கு எத்தனை தடவை மாறுச்சுன்னும் பாக்கணும். 1957ல மின்சாரத்துக்குன்னு வந்த யோசனை. 1970கள்ல நகோயா தொழிற்சாலைக்கும் குடிநீருக்கும்னு ஆச்சு. எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் ஃபேக்டரிங்க தண்ணியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க, தேவை நெனச்ச மாதிரி ஏறவே இல்ல. விநாடிக்கு 15 கன மீட்டர் புதுத் தண்ணின்னு போட்ட திட்டம், நகரங்களே எங்களுக்கு இவ்வளவு வேணாம்னு சொல்லச் சொல்ல 6.6க்கு எறங்குச்சு. செலவு மதிப்பீடு 1976ல போட்டதுல இருந்து பத்து மடங்கு அளவுக்கு ஏறுச்சு. அணை முடிஞ்சதுக்கு அப்புறமும் அந்தத் தண்ணியை கிசோ ஆத்துக்குக் கொண்டுபோற சுரங்கக் கால்வாய் இல்ல, 2009ல நகோயா மேயரே அந்தக் கால்வாய் திட்டத்துல இருந்து வெளிய வர்றோம்னு அறிவிச்சார், அப்புறம் 2023ல அதே மேயர் திரும்ப சரின்னார். முதல் காரணம் போய் ரெண்டாவது காரணம் வந்து அதுவும் இளைச்சு மூணாவது காரணத்துல அணை நிக்குது, இத்தனையிலயும் மாறாம இருந்தது ஒண்ணே ஒண்ணு, தொகுயாமா முங்கணும்ங்கறது. என் கோவம் அணை மேல இல்ல சார், ஊர்க்காரங்ககிட்ட "நாட்டுக்கு அவசியம்"னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு அந்த அவசியம் என்னன்னே 50 வருஷமா மாத்திக்கிட்டே இருந்தது மேலதான்.

யமுனா_ரா

இந்த ஊர்ல ஒரு பாட்டி கேமரா வச்சு போட்டோ எடுத்தாங்கன்னு எங்கயோ படிச்சிருக்கேன். அவங்க இந்த ஊர்தானா? தெரிஞ்சா எழுதுங்களேன் அண்ணா.

மலைவாசம்

@யமுனா_ரா இந்த ஊர்தான்ங்க. மசுயாமா தசுகோ. அவங்களைப் பத்தி எழுதத்தான் இந்த இழையே ஆரம்பிச்சேன்னு சொன்னாலும் தப்பில்ல.

1917ல தோன்யூல பொறந்தவங்க. வீட்டுக்காரர் போருக்குப் போனவர், இம்பால் படையெடுப்புல, 1945ல காணாம போயிட்டார்னு தகவல் வந்துச்சு. செத்துட்டார்னு இல்ல, காணோம்னு. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு அந்தம்மா கடைசி வரைக்கும் காத்திருந்தாங்க. தோன்யூல ஒரு சின்ன தங்கும் விடுதி நடத்தினாங்க, விவசாயமும் பாத்தாங்க. அணை வரப்போறது உறுதின்னு ஆனப்ப அவங்களுக்கு வந்த கவலை என்ன தெரியுமா, அவர் திரும்பி வந்தா ஊர் எப்படி இருந்துச்சு, என்ன ஆச்சுன்னு அவருக்கு எப்படிச் சொல்றதுன்னு. முதல்ல டேப் ரெக்கார்டர்ல ஊர்ப் பேச்சையும் பழைய கதையையும் சத்தங்களையும் பதிவு பண்ணினாங்க. 1977ல, 60 வயசுல, கேமரா கையில எடுத்தாங்க.

என்ன கேமரான்னா, கோனிகா சி35 இஎஃப். ஜப்பான்ல எல்லாரும் "பிக்காரி கோனிகா"ன்னு சொல்லுவாங்க, 1975ல வந்தது, ஃப்ளாஷ் உள்ளயே இருக்கிற சின்ன கேமரா. வெளிச்சம் அளக்கத் தெரிய வேணாம், தனியா ஃப்ளாஷ் மாட்ட வேணாம், தூரத்தை ஒரு வளையத்துல குத்துமதிப்பா வச்சிட்டு அமுக்கினா விழுந்துரும். பனிக்காலத்துல அந்த ஊர் வீட்டுக்குள்ள பகல்லயே இருட்டா இருக்கும், நடுவுல அடுப்புக்குழி, சுத்திப் புகை பிடிச்ச கருப்பு உத்தரம், அந்த வெளிச்சத்துல ஒரு கத்துக்குட்டி படம் எடுக்கணும்னா அந்த உள் ஃப்ளாஷ் இல்லாம முடியாது. தற்செயலா அந்த கேமரா வந்து ரெண்டு வருஷத்துல அவங்க கையில கெடச்சுது, இல்லன்னா தொகுயாமாவோட வீட்டு உள்பக்கம் இன்னைக்கு நமக்கு இருக்காது.

எடுத்தது சுமார் ஒரு லட்சம் படம். அறுநூறு ஆல்பம் மாதிரி சேத்து வச்சிருந்தாங்க. ஓய்வூதியக் காசு பெரும்பாலும் ஃபிலிமுக்கும் கழுவுறதுக்கும்தான் போச்சு. விளையாட்டு விழா, கல்யாணம், சாவு, நாத்து நடுறது, தண்ணி அடிச்சுட்டு பாடுறவங்க, பனியை கூரைல இருந்து தள்ளுறவங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா படம் மாற ஆரம்பிக்கும். வீட்டு முன்னாடி கடைசியா நிக்கிற குடும்பம். பிரிக்கிற வீடு. எரிக்கிற மரச்சட்டம். வீடு இருந்த எடத்துல அடுத்த வருஷம் தானா மொளச்சு பூத்த தோட்டத்துப் பூ. நான் பாத்த வரைக்கும் அவங்க படத்துல இருக்கிற ஆளுங்க ரொம்பப் பேர் சிரிக்கிறாங்க, அதைப் பாக்குறப்பதான் நெஞ்சை அடைக்கும், ஏன்னா படம் எடுக்கிறவங்களும் நிக்கிறவங்களும் ஒரே ஊர், ரெண்டு பேருக்கும் தெரியும் எதுக்காக எடுக்கிறோம்னு.

1985ல அவங்களும் எறங்கி கிஃபு நகரத்துக்குப் போயிட்டாங்க. ஆனா நிறுத்தல, திரும்பத் திரும்ப மலை ஏறி வந்து காலி எடத்தை எடுத்துக்கிட்டே இருந்தாங்க. 2006 மார்ச்ல காலமானாங்க, 88 வயசு. தண்ணி தேக்க ஆரம்பிக்க இன்னும் ஆறு மாசம் இருந்துச்சு.

அரசாங்கம் செய்யணும்னு ஒரு தடவை நெனச்சிட்டா, அது போரா இருந்தாலும் அணையா இருந்தாலும் செஞ்சே தீரும்னு அவங்க சொன்னது அங்க ரொம்பப் பேர் எடுத்துக்காட்டுற பேச்சு. ஒரே அரசாங்கத்துக்கு வீட்டுக்காரரையும் குடுத்து ஊரையும் குடுத்தவங்க சொன்னது அது.

பினாங்கு_அண்ணாமலை

இம்பால்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல. 1944ல ஜப்பான்காரங்க பர்மால இருந்து மலை ஏறி மணிப்பூருக்குள்ள வந்த அந்தப் படையெடுப்பு, கூடவே நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், அதான் ஐஎன்ஏவும் வந்துச்சு. மலாயால இருந்து ஐஎன்ஏல சேந்தவங்கள்ல நம்ம தோட்டத் தொழிலாளித் தமிழர்கள் நிறைய. சாப்பாடு வண்டி பின்னால வராமயே படையை அனுப்பிட்டாங்க, மழைக்காலம் வேற, குண்டை விடப் பசியும் மலேரியாவும் வயித்துப்போக்கும்தான் ஜாஸ்தி கொன்னுச்சு. பின்வாங்கின பாதையை ஜப்பான்காரங்களே எலும்புச் சாலைன்னு சொன்னாங்க.

எங்க பக்கத்துலயும் அப்படித் திரும்பி வராதவங்க வீடு இருக்கு. போன ஆளுக்கு எந்தத் தாளும் வரல, எந்தச் சாம்பலும் வரல. அந்த வீட்டுப் பெரியவங்க திவசம் குடுக்கலாமா வேணாமான்னே முடிவு பண்ண முடியாம இருந்தாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அந்த ஜப்பான் அம்மா ஒரு லட்சம் படம் எடுத்ததோட காரணம் எனக்கு நல்லாவே புரியுது. பகிர்ந்ததுக்கு நன்றி மலைவாசம்.

கரிசல்காடு

படிச்சு முடிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. சரி, இடம்பெயர்ந்தவங்க எங்க போனாங்க? எல்லாரும் ஒண்ணா போனாங்களா இல்ல செதறிட்டாங்களா? நஷ்டஈடு நல்லா குடுத்தாங்கன்னு செந்தில் சார் சொன்னாரே.

மலைவாசம்

பெரும்பாலும் கிஃபு சமவெளிலதான். மோத்தோசு, இதோனுகி, கிதாகத்தா, கிஃபு நகரம்னு சில எடத்துல தொகுயாமா ஆளுங்களுக்குன்னே வீட்டு மனை பிரிச்சுக் குடுத்தாங்க, அக்கம்பக்கத்துல பழைய ஊர்க்காரங்களே இருக்கிற மாதிரி. மலை வீட்டை விடப் பெரிய வீடு, ஆஸ்பத்திரி பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், பனி தள்ள வேணாம். இதை ஊர்க்காரங்களே நல்லதுன்னுதான் சொல்லியிருக்காங்க, குறிப்பா பிள்ளைங்களைப் படிக்க வைக்கிற வயசுல இருந்தவங்க.

ஆனா பாருங்க, மலைல காசு கம்மியா இருந்தாலும் செலவும் கம்மி. விறகு காட்டுல, காய் கொல்லைல, மீன் ஆத்துல, கீரையும் கிழங்கும் காளானும் மலைல. கீழ வந்ததும் எல்லாமே காசு குடுத்து வாங்கணும், தண்ணி உள்பட. நஷ்டஈடு ஒரே தடவை வர்ற காசு. அறுபது வயசுல ஒரு கெழவர் அங்க கரடி வேட்டையும் மீன்பிடியும் தெரிஞ்ச பெரிய ஆளு, கீழ வந்தா ஒரு வேலையும் தெரியாத வயசாளி. இதுக்கு எந்த நஷ்டஈட்டுப் பட்டியல்லயும் தலைப்பு கிடையாது.

இன்னொண்ணு. பணம் வர்ற பேச்சு வந்ததும் ஊருக்குள்ள யாருக்கு நெலம் ஜாஸ்தி யாருக்குக் கம்மி, யாரு முதல்ல கையெழுத்து போடுறா யாரு இழுக்குறான்னு மனஸ்தாபம் வர்றது எல்லா அணை ஊர்லயும் நடக்கும். முப்பது வருஷம் அதை இழுத்தா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க.

சமையல்_பித்து

கொஞ்சம் திசை மாறுறேன், மன்னிக்கணும். அந்த மலைல அரிசி இல்லாம என்ன சாப்பிட்டாங்க? ஜப்பான்னாலே சோறுன்னுதான நாம நெனைக்கிறோம்.

மலைவாசம்

@சமையல்_பித்து திசை மாறலீங்க, ஊரைப் பத்தின பேச்சுதானே இது.

சிறுதானியம் சொன்னேன்ல, அதோட பெரிய தொணை தோச்சிங்கற மரத்துக் கொட்டை. பெரிய மரம், இலையுதிர் காலத்துல பழுப்பா பளபளன்னு கொட்டை விழும், பாத்தா அப்படியே வாயில போடலாம்னு தோணும், ஆனா பயங்கரக் கசப்பு, அப்படியே தின்னா வயித்தைக் கலக்கிரும். அதைச் சாப்பாடா மாத்துறதுதான் வித்தை. முதல்ல பொறுக்கி வந்து வெயில்ல நல்லா காய வைக்கணும், நல்லா காஞ்சா வருஷக்கணக்குல கெடாது, அடுப்புக்கு மேல பரண்ல போட்டு வச்சிருவாங்க, பஞ்சம் வந்தா அதுதான் கைகொடுக்கும். வேணுங்கிறப்ப எடுத்து தண்ணில ஊறப்போட்டு, அப்புறம் சுடுதண்ணில போட்டு, சூடா இருக்கிறப்பவே ஒவ்வொண்ணா ஓட்டை உரிக்கணும். அப்புறம் பருப்பை ஓடுற ஆத்துத் தண்ணில நாள்கணக்குல போட்டு வைக்கணும். அதோட முடியல, மரச்சாம்பலைச் சுடுதண்ணில கரைச்சு அதுக்குள்ள ஊற வைக்கணும், சாம்பல் எந்த மரத்தோடது, எவ்வளவு, எவ்வளவு நேரம்ங்கிறதுலதான் கசப்பு போகுதா இல்லயான்னு இருக்கு. கழுவி, ஒட்டரிசியோட சேத்து ஆவில வேக வச்சு, உரல்ல இடிச்சு உருட்டினா தோச்சி மோச்சி. லேசா ஒரு கசப்பு கடைசியா நாக்குல நிக்கும், அது போயிட்டா ருசி இல்லன்னு சொல்லுவாங்க.

இந்த வேலை முழுக்க ஓடுற சுத்தமான தண்ணி, பக்கத்துலயே மரம், வீட்டுல எரியுற விறகுச் சாம்பல் மூணும் இருந்தாதான் நடக்கும். சமவெளில புதுவீட்டுல கேஸ் அடுப்பு, குழாய்த் தண்ணி. சாம்பலுக்கு எங்க போறது? செய்முறை தெரிஞ்ச பாட்டி இருந்தும் செய்ய முடியாது. ஊர் போனா இப்படி ஒவ்வொண்ணா போகும்.

ஈரோடு_செந்தில்

தோச்சி பத்தி எழுதினது அருமைங்க. சாம்பல்காரம் போட்டுக் கசப்பை எடுக்கிறது நல்ல வேதியியல்.

உங்க வாதத்துல ஒரு எடம் எனக்கு இன்னும் ஒப்பல. காத்திருப்புதான் ஊரை அழிச்சுதுன்னா, 1957லயே சட்டுன்னு முடிவெடுத்து 1965ல அணை கட்டியிருந்தா நல்லதா? அந்தக் காலத்துல நஷ்டஈடு ரொம்பக் குறைவு, நீராதாரப் பகுதிகளுக்கான தனிச் சட்டமே 1973லதான் வந்துச்சு. தாமதமானதாலதான் ஓரளவு நல்ல வீடும் மனையும் கெடச்சுது. பக்கத்து ஊர் ஏதாவது அப்படி வேகமா முடிஞ்சிருக்கா?

மலைவாசம்

இருக்கு சார், நல்ல கேள்வி. அந்த மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், ஃபுகுயில, நிஷிதானின்னு ஒரு ஊர். 1965 செப்டம்பர்ல ஒரே ராத்திரில மழை கொட்டித் தீர்த்துச்சு, ஊரோட நடு குடியிருப்பை மண்ணும் பாறையும் சேந்து அடிச்சுட்டுப் போச்சு. அதுக்கப்புறம் அங்க மனாகாவா அணைத் திட்டம் வந்துச்சு, ஆளுங்க எல்லாம் எறங்கினாங்க, 1970 ஜூலைல ஊராட்சியே கலைஞ்சு ஓனோ நகரத்தோட சேந்துச்சு. வெறும் அஞ்சு வருஷம். வேகமா முடிஞ்சா வலி கம்மின்னு அந்த ஊர்க்காரங்ககிட்ட யாரும் சொல்ல முடியாது. கண்ணு முன்னாடி வீடு அடிச்சுட்டுப் போனதால விடைபெறக்கூட நேரம் இல்ல.

நீங்க சொல்ற மாதிரி தாமதத்துல நஷ்டஈடு கூடினது உண்மை. மசுயாமா அம்மாவோட படமே தாமதம் இருந்ததாலதான் நமக்கு இருக்கு, அதையும் ஒத்துக்கணும். நான் கேக்குறது வேகமும் இல்ல தாமதமும் இல்ல சார். கட்டுவோம்னா கட்டுவோம்னு சொல்லு, இல்லன்னா அறிவிப்பை வாபஸ் வாங்கி அவங்களை நிம்மதியா வாழ விடு. ரெண்டுல எதையும் செய்யாம இருபது வருஷம் தொங்க விட்டது யாருக்கும் லாபம் இல்லாத தாமதம். 1957க்கும் 1976க்கும் நடுவுல அந்த ஊருக்கு கெடச்சது என்ன?

யமுனா_ரா

அண்ணா, எட்டு குடியிருப்புமே முங்கிருச்சா? கதோன்யூ ரொம்ப உள்ள இருக்குன்னு சொன்னீங்களே.

மலைவாசம்

கதோன்யூ முங்கல. இந்தக் கதைல எனக்கு ரொம்ப மனசு கஷ்டமான பகுதி அதுதான்.

தண்ணி அங்க வரைக்கும் ஏறல, ஆனா அங்க போற ரோடு முங்கிருச்சு. ஏரியைச் சுத்தி மாத்து ரோடு போடணும்ங்கிறது பழைய ஏற்பாடு. செலவு ஜாஸ்தி, கழுகு வாழுற மலைன்னெல்லாம் பேச்சு வந்து, ரோடு போடுறதுக்கு பதிலா அந்த மலைங்களையே பொதுச் சொத்தா வாங்கிடலாம்னு மாத்திட்டாங்க. ரோடு தேவைப்படுற நெலம் தனியார்கிட்ட இல்லன்னா ரோடே தேவையில்லைங்கிற கணக்கு. அதனால கதோன்யூ நிலமா அப்படியே இருக்கு, சட்டப்படி ஆள் குடியிருக்கிற ஊர் இல்ல. பழைய ஆளுங்க சிலர் பனி உருகினதும் போய் சின்ன வீட்டுல தங்கி, தோட்டம் போட்டு, பனி விழறதுக்கு முன்னாடி எறங்கி வருவாங்க. போறதுக்கு வழி ரெண்டு. ஏரில படகு, இல்லன்னா சகாஉச்சிங்கிற ஊர்ப் பக்கத்துல இருந்து ஹொஹாரே கணவாய் ஏறி நடை. அந்தக் கணவாய் வழியாத்தான் அந்தக் காலத்துல பொம்பளைங்க முதுகுல சுமை கட்டிக்கிட்டு வெளியூருக்குப் போயி வந்தாங்க. ரோடு வந்ததும் மறந்துபோன பாதை, ரோடு முங்கினதும் திரும்ப உயிர் வந்திருக்கு.

அதே நேரம் 2023 நவம்பர்ல கன்முரியாமா மலைக்கு அடில சுரங்கம் குடைஞ்சு கிஃபுவையும் ஃபுகுயியையும் இணைக்கிற 417ஆம் நெடுஞ்சாலையைத் தொறந்துட்டாங்க. தொகுயாமா ஆளுங்க தலைமுறை தலைமுறையா குளிர்காலத்துல அடைபட்டுக் கெடந்த மலை அது. வாழ ஆள் இருந்தப்ப இப்படி ஒரு ரோடு இருந்திருந்தா கரிசல்காடு தம்பி கேட்ட முதல் கேள்விக்கு வேற பதில் இருந்திருக்கும்னு நான் உறுதியா நம்புறேன்.

கரிசல்காடு

அந்தக் கேள்விக்கு எனக்கு பதில் கெடச்சுது அண்ணே. அடுத்த வருஷம் நகோயா வர்ற வேலை இருக்கு. போய்ப் பாக்கலாமா? எப்படிப் போறது?

மலைவாசம்

தாராளமா வாங்க. ஓகாக்கில இருந்து லோக்கல் ரயில் இபி ஸ்டேஷன் வரைக்கும் வரும், ஆனா அங்கிருந்து மேல மலைக்கு சொந்த வண்டி இருந்தாதான் வசதி, வாடகைக்கு எடுத்துக்கங்க. யோகோயாமா அணையைத் தாண்டி 417ல மேல வந்தா தொகுயாமா அணை, இன்னும் கொஞ்சம் போனா ஏரிக்கரைல தொகுயாமா கைகான்னு ஒரு கட்டிடம், ஊரோட பழைய பொருள், படம் எல்லாம் அங்க வச்சிருக்காங்க. பக்கத்துல கேபிள் பாலம் ஒண்ணு இருக்கு, எட்டு குடியிருப்பு நினைவா பேர் வச்சது. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வராதீங்க, பனி. அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பம் நல்லது, கைகான் எந்த நாள் லீவுன்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்கங்க. கதோன்யூக்கு கணவாய் வழியா நடக்கணும்னா தனியா போகாதீங்க, கரடி இருக்கிற காடு, போனுக்கு சிக்னல் கெடைக்காதுன்னு வச்சுக்கிட்டே கெளம்பணும். தேதி முடிவானதும் இங்கயே எழுதுங்க, லீவு போட முடிஞ்சா நானும் வண்டி எடுத்துட்டு வர்றேன்.

பினாங்கு_அண்ணாமலை

போறீங்கன்னா அந்த அம்மாவோட படம் அங்க வச்சிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. இருந்தா எந்தெந்தப் படம்னு எழுதுங்க, நான் ஜப்பான் வர்ற வயசு தாண்டிருச்சு.